இடது இண்டிகேட்டர்

...போட்டேனா இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்க. போட்டேன். இந்த மாதா கோயில் கண்ணுல பட்ட உடனேயே போட்டேன். டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே வந்தது, என் குழந்தைகூட அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டிக்கிட்டு வந்தா. ரோட்டோட வலது பாதியில ஒழுங்கா வந்துக்கிட்டு, இடது பக்கம் திரும்பப் போறேன்னு ஒருத்தி ஊருக்கே சொல்லிக்கிட்டு வர்றா, அதே இடது பக்கமா வந்து முந்துவாங்களா யாராவது? ஊருக்கேன்னு சொல்றேன்... ஊரு எங்க இருக்கு இங்க, அது வேற விஷயம். கள்ளிச் செடிக்காவது தெரிஞ்சிருக்கும்.

அதோ, இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு பாருங்க. என் வண்டி மூக்கு பள்ளத்துல கிடக்கு, பக்கக் கண்ணாடி தொங்குது, ஆனா இண்டிகேட்டர் அடிக்குது. வேணும்னுதான் அணைக்காம வச்சிருக்கேன். சாட்சிக்கு.

உட்காருங்க. வெயில்ல நிக்காதீங்க, கோயில் நிழல் எல்லாருக்கும் பொதுதான். மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா அந்த மெழுகுவத்தி வரிசைக்கு அந்தப் பக்கம். இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி. தப்பா எடுத்துக்காதீங்க. தெரியாத ஆளோட கை எட்டுற தூரத்துல உட்காரக் கூடாதுன்னு போட்டிருந்தாங்க. போன்லதான். இந்தப் பாஹா பாலைவன ரோட்டுப் பாதுகாப்புக்குன்னே ஒரு குழு இருக்கு, வெளிநாட்டுக்காரங்க நடத்துறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு விடாமப் படிச்சேன்.

பேரு என்ன சொன்னீங்க? நாபோர். சரி, தோன் நாபோர். வயசுக்குக் குடுக்கற மரியாதை, அதான் 'தோன்'. அதை வச்சுக்கிட்டு உங்க மேல தப்பில்லைன்னு நான் நினைக்கறேன்னு நினைச்சுக்காதீங்க. நான் நோயெமி. இவ ரெனாத்தா. இப்பத்தான் ஏழு மாசம் முடிஞ்சிருக்கு. மாமியார் இன்னும் இவளைக் கண்ணால பார்க்கலை, அவங்க தெற்கே கெரேரோ நேக்ரோல இருக்காங்க. அங்க போகத்தான் இவ்வளவு பாடும். அம்மா மடியில இருக்கற குழந்தையைப் பார்த்துச் சிரிக்காதீங்க, அவளும் சிரிச்சுடுவா. அப்புறம் எனக்குக் கோபம் குறைஞ்சுடும்.

கொஞ்சம் முன்னாடி இந்த வழியாப் போன பஸ் டிரைவர் நல்ல மனுஷன். நின்னாரு. நீங்க மண்ணுல சக்கரத்தைத் தோண்டிக்கிட்டு இருந்தீங்க, உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் ஜன்னல் வழியா எல்லாம் சொல்லிட்டேன். ஒரு பெரியவர் முந்தறேன்னு வந்து என்னையும் கைக்குழந்தையையும் பள்ளத்துல தள்ளிட்டாரு, ராணுவச் சாவடியில ரோந்து வண்டி நிக்கும், அவங்ககிட்ட சொல்லிடுங்கன்னேன். சொல்லியிருப்பாரு. இருட்டறதுக்குள்ள வந்துடுவாங்க. வந்துடணும்.

வந்தா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் மேல தப்போ அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. வண்டியை போலீஸ் யார்டுல கொண்டுபோய்ப் போடுவாங்க. எல்லாம் தீர்றவரைக்கும் ஆளும் வெளிய வர முடியாது, வண்டியும் வர முடியாது. உங்ககிட்ட இன்ஷூரன்ஸ்... தலையை ஆட்டறீங்க. ஆமான்னா இல்லைன்னா? இல்லை. கடவுளே. இந்த ரோட்ல, இன்ஷூரன்ஸ் இல்லாம, முன்னாடி ஒத்தை விளக்கு வச்சுக்கிட்டு. இன்னொரு விளக்கு எங்க? எப்பவுமே கிடையாதா? நல்லா இருக்கு.

அந்தப் பிக்கப்தான் உங்களுக்கு எல்லாமே, தெரியுது. ஐஸ் போய்ச் சேர்ந்தாத்தான் வளைகுடாவுல மீன்காரங்க படகு இறக்குவாங்க, அதையும் சொன்னீங்க. வண்டி பின்னாடி ஐஸ் சொட்டிக்கிட்டு இருக்கறது எனக்கும் கேக்குது. பாவமாத்தான் இருக்கு. ஆனா அதையெல்லாம் முந்தறதுக்கு முன்னாடில்ல யோசிக்கணும்? நான் என்ன பண்ணட்டும்? ரோந்துக்காரர் கேட்டா நடந்ததைச் சொல்லுவேன். கான்வென்ட்ல படிச்சவ நான். மதர் இக்னாசியா பொய்யே சொல்ல விட மாட்டாங்க. அவங்க செத்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் விட மாட்டேங்கறாங்க.

கையைக் காட்டாதீங்க. என் வண்டியை ஏன் காட்டறீங்க? விளக்கா? விளக்கு அடிக்கறது எனக்கும் தெரியுது, நான்தானே அணைக்காம வச்சிருக்கேன். நான் முடிச்சுக்கறேன், அப்புறம் பேசுங்க.

என் வீட்டுக்காரர் எவரார்தோ அப்பவே சொன்னாரு. தனியாப் போகாதே, லீவு கிடைக்கட்டும், சேர்ந்து போகலாம்னு. அவரு எல்லைக்கு அந்தப் பக்கம் சான் டியேகோவுல குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பண்றாரு. கோடைக்காலத்துல அவருக்கு லீவா? அதுக்குக் காத்திருந்தா குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போற வயசு வந்துடும். மாமியார் தினம் போன்ல, பேத்தி மூக்கு யார் மாதிரி, காது யார் மாதிரின்னு. காதை வந்தே பாருங்கன்னு கிளம்பிட்டேன். ஆனா கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்பலை. என் டிக்கியைப் பார்த்தீங்கன்னா அசந்துடுவீங்க. தண்ணி, ரெண்டு ஸ்டெப்னி, பெட்ரோல் கேன், பாம்புக்கடிக் கட்டு, வெள்ளித்தாள் போர்வை, குழந்தைக்கு மட்டும் தனியா ஒரு மருந்துப் பெட்டி. கழுத்துல இது என்னன்னு பார்க்கறீங்களா? விசில். யாராவது நெருங்கி வந்தா ஊதணுமாம். ஊதினா யாருக்குக் கேக்கும்னு அவங்க போடலை. நானும் கேக்கலை.

ரோஸாரியோ தாண்டினா பெட்ரோல் பங்க் கிடையாதுன்னாங்க, நிரப்பிக்கிட்டேன். கதாவீனியாவுல டிரம்ல வச்சு விக்கறாங்க, அதுல மண் கலந்திருக்கும்னாங்க, தொடலை. போன் வேலை செய்யாதுன்னாங்க, வரைபடத்தைத் தாள்ல எடுத்து வச்சிருக்கேன். ரோட்டுக்கு ஓரம்னு ஒண்ணு கிடையாது, கோட்டுக்கு வெளிய இறங்கினா வண்டி கவிழும்னாங்க. அதனால ஓரத்துக்கே போகாம மெதுவா வந்தேன். நீங்க என் பின்னாடி ரொம்ப நேரமா வந்தீங்கல்ல? கண்ணாடியில பார்த்தேன். ஒத்தை விளக்கு. திருடன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கங்க. ஆனா அப்படித்தான் நினைச்சேன்.

ராத்திரி மட்டும் ஓட்டவே ஓட்டாதேன்னாங்க. அதுல எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, அந்தக் குழுவுல எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் அதுதான். மாடு. வெயில் போனப்புறம் தார் சூடா இருக்கும்னு நடு ரோட்ல வந்து படுத்துக்குமாம். கறுப்பு மாடா இருந்தா கிட்டப் போனப்புறம்தான் கண்ணுக்கே தெரியுமாம். அதனாலதான் நான் இப்ப சூரியனையே பார்த்துக்கிட்டு இருக்கேன். அது பாட்டுக்கு இறங்கிக்கிட்டே இருக்கு, ஏதோ அதுக்கு வேற வேலை இருக்கற மாதிரி.

ஐயோ, இவ உடம்பு சுடுது. தொட்டுப் பாருங்க. இல்ல, தொடாதீங்க. நான் சொல்றேன், சுடுது. தண்ணி குடுத்துட்டேன், பால் குடுத்துட்டேன். கன்னம் பாருங்க எப்படி சிவந்து கிடக்குன்னு.

ஐஸா? வேண்டாம், இருக்கட்டும். தெரியாத ஆளுங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு... தோன் நாபோர், நான் வேண்டாம்னு சொல்றப்பவே எழுந்து போறாரு மனுஷன்! கேளுங்களேன்! அது மீனுக்குக் கொண்டு போற ஐஸ்!

...

சரி குடுங்க. துணி என்கிட்ட இருக்கு. இது ரோட்ல விழுந்ததில்லையே? பாதத்துல வைக்கணுமா? நெத்தியில வேண்டாமா? பாதம். சரி. பாருங்க, பாருங்க, கண்ணைத் திறந்துட்டா. அடிப்பாவி, காலை உதைக்கறா, சுகமா இருக்காம். வீட்ல ஏசி போட்டா கத்தி ஊரைக் கூட்டறா, மீன் ஐஸுக்குச் சிரிக்கறா.

ரொம்ப நன்றி. ஆனா இதுக்காக ரோந்துக்காரர்கிட்ட நான் மாத்திச் சொல்ல முடியாது. அது வேற, இது வேற.

ஒண்ணு நினைச்சுப் பாருங்க. நான் செஞ்சதுல எது தப்பு? மதர் இக்னாசியா என்ன சொல்லிக் குடுத்தாங்க? ஒரு காரியத்தைச் செய்யறதுக்கு முன்னாடி அடுத்தவங்களுக்குத் தெரியப்படுத்தணும், அதுதான் நாகரிகம்னு சொல்லிக் குடுத்தாங்க. கதவைத் தட்டிட்டு உள்ள வா, தும்மறதுக்கு முன்னாடி முகத்தைத் திருப்பு. அப்புறம் கலிஃபோர்னியாவுல கார் ஓட்டக் கத்துக் குடுத்த வாத்தியார் என்ன சொன்னாரு? திரும்பறதுக்கு ரொம்ப முன்னாடியே விளக்கைப் போடு, வேகத்தைக் குறை, அப்புறம் திரும்பு. மூணையும் செஞ்சேன். ஒரே தடவையில பாஸ் பண்ணினவ நான். எங்க தெருவுல யாரும் ஒரே தடவையில பாஸ் பண்ணினதில்லை.

குழந்தைக்குத் துணி மாத்தணும், நிழல் தெரிஞ்சது, மாதா கோயில் தெரிஞ்சது, விளக்கைப் போட்டேன், மெதுவாப் போனேன். நீங்க சீறிக்கிட்டு வர்றீங்க. முந்தணும்னா எதிர் வண்டி வர்ற பாதையில ஏறித்தானே வரணும், எங்கிருந்து வந்தது அவ்வளவு தைரியம்? விளக்கைப் பார்த்தீங்களா இல்லையா?

பார்த்தீங்க. பார்த்துட்டுத்தான் வந்தீங்களா! கேட்டுக்கோ மாதாவே, பார்த்துட்டுத்தான் வந்தாராம். இதை அப்படியே ரோந்துக்காரர்கிட்ட சொல்லுங்க, என் வேலை மிச்சம்.

என்ன வாயைத் திறந்து திறந்து மூடறீங்க? தண்ணி வேணுமா?

இருங்க, ஏதோ சத்தம்! வந்துட்டாங்க! இல்ல... லாரி. வடக்கேர்ந்து வருது. பெரிய லாரி, என்ன பாரம் ஏத்தியிருக்கானோ, மேடு ஏற முடியாம முனகுது. கை காட்டட்டுமா? வேண்டாம், அவ்வளவு பாரத்தோட நிக்க முடியாது. பின்னாடி ஒரு சின்னக் காரு ஒட்டிக்கிட்டு வருது பாருங்க, பொறுமையே இல்ல, எட்டி எட்டிப் பார்க்குது.

லாரிக்காரர் இடது இண்டிகேட்டர் போட்டுட்டாரு! நம்மளைப் பார்த்துட்டாரு! இங்கதான் திரும்பறாரு, கோயிலுக்கு வர்றாரு. மாதா அனுப்பி வச்ச மாதிரி... ஐயோ, அந்தக் காரு. ஐயோ, முந்தறானே! அவனும் உங்களை மாதிரியே! தோன் நாபோர், பார்க்காதீங்க, நானும் பார்க்கலை, கண்ணு ரெனாத்தா, நீயும் பார்க்காதே...

...

போயிட்டான்.

லாரி திரும்பலை. நேராப் போகுது. விளக்கையும் அணைச்சுட்டாரு.

அந்தக் கார்க்காரன் ஹாரன் அடிச்சானே, கேட்டீங்களா? சின்னதா, ரெண்டு தடவை. திட்டற மாதிரி இல்லை. நன்றி சொல்ற மாதிரி. லாரிக்காரரும் கையை வெளிய நீட்டி ஆட்டினாரு.

எதுக்கு நன்றி?

...

தோன் நாபோர்.

எங்க தொரிபியோ மாமா சான் கின்தீன்ல தக்காளி லாரி ஓட்டினாரு. சின்ன வயசுல லீவுக்குப் போனா முன்னாடி உட்கார வச்சுக்குவாரு. பின்னாடி யாராவது ரொம்ப நேரமா வந்தா, எதிர்ல காலியா இருக்கறப்போ இடது விளக்கைப் போடுவாரு. போட்டுட்டு, 'போப்பா ராசா, போ, வழி காலி'ன்னு தனக்குத்தானே சொல்லிக்குவாரு. பின்னாடி வர்றவன் முந்திப் போவான், ஹாரன் அடிப்பான், மாமா கையை ஆட்டுவாரு. அவங்களுக்குள்ள பழக்கம்போலன்னு நினைச்சேன். எல்லாரையும் தெரிஞ்சு வச்சிருக்காரே மாமான்னு பெருமையா இருக்கும்.

அவரு இடது பக்கம் திரும்பணும்னா என்ன பண்ணுவாரு தெரியுமா? தெரியும், உங்களுக்குத் தெரியாம இருக்குமா. வலது பக்கம் ஒதுங்கி நிப்பாரு. முன்னாடி பின்னாடி எல்லா வண்டியும் போறவரைக்கும் நிப்பாரு. அப்புறம்தான் குறுக்கே போவாரு. அந்த நேரத்துல அவர் ஜெபம் பண்றாருன்னு நினைச்சு நானும் சிலுவை போட்டுக்குவேன்.

அந்தக் குழுவுல இதை யாரும் போடலை. போட்டிருக்க மாட்டாங்க. இல்ல, போட்டிருப்பாங்க. நான்தான், இது வெளியூர்க்காரங்களுக்கு, நமக்கெதுக்குன்னு தள்ளிட்டுப் போயிருப்பேன். நான் என்செனாதாவுல பிறந்தவ, தோன் நாபோர்! இந்த ரோட்ல பிறந்தவ!

அப்ப நான் உங்களை... நான் போங்கன்னு சொன்னேன். அவ்வளவு தூரத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே வந்தேன். போங்க, வழி காலி, போங்க போங்கன்னு. நீங்க வந்தீங்க. நீங்க பக்கத்துல வந்தப்போ நான் உங்க மேலயே திரும்பினேன்.

குழந்தை சீட்டு எந்தப் பக்கம்னு பார்த்தீங்களா?

இடது பக்கம். பின்னாடி இடது பக்கம். நீங்க வந்த பக்கம்.

நீங்க பிரேக் அடிச்சிருந்தா நேரா அவ மேலதான். அடிக்கலை. கண்ணாடியை மட்டும் உரசிட்டு, ஐஸோட, வண்டியோட, அந்தப் பாறையும் முள்ளும் கிடக்கற இடத்துல கொண்டு போய் விட்டீங்க. இவ்வளவு நேரமா அந்த வண்டியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன். பிடிங்க. இவளைக் கொஞ்சம் பிடிங்க. கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம், அவளே நிப்பா. பிடிச்சுக்கங்க, நான் போய் அந்த விளக்கை அணைச்சுட்டு வர்றேன். இன்னும் யாரையாவது கூப்பிட்டுக்கிட்டு இருக்கப் போகுது அது.

...

அணைச்சாச்சு.

அது யாரு? ரோந்து வண்டியேதான். எப்ப வந்தாங்க? சத்தமே கேக்கலை. நான் அழுதுக்கிட்டு இருந்தா எப்படிக் கேக்கும். குழந்தையைக் குடுங்க. இல்ல, நீங்களே வச்சுக்கங்க, தூங்கறா. எழுந்திருக்காதீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இவ்வளவு நேரம் சொல்லாதவரு இப்ப எதுக்குச் சொல்லணும். நான் பேசிக்கறேன்.

வணக்கம் ஆபீசர். ஆமா, நான்தான் சொல்லி அனுப்பினேன். பஸ்காரர் சரியாத்தான் சொல்லியிருக்காரு, நான்தான் தப்பாச் சொல்லி அனுப்பிட்டேன். இல்ல, யாருக்கும் அடியில்லை. இல்ல, அவரு என்னை இடிக்கலை. நான்தான் அவரைப் போகச் சொன்னேன், ஆபீசர். அவரு போனாரு. அப்புறம் நான் குறுக்கே வந்தேன். இடது இண்டிகேட்டர். ஆமா. ஆமா, திரும்பறதுக்கு. ஓரம் ஒதுங்கலை. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நீங்க சிரிக்கறது நியாயம்தான். உங்க கூட வந்தவரும் சிரிக்கலாம்.

யாரும் மிரட்டலை. பெரியவரா? என்னையா? அவரு இன்னும் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசி முடிக்கலை. என் மேலதான் தப்பு, எழுதிக்கங்க. என் இன்ஷூரன்ஸ் இதோ இருக்கு, அவர் வண்டிச் செலவுக்கும் அதுதான். அவரை நீங்க நிறுத்தி வைக்கக் கூடாது, ஐஸ் கரைஞ்சுடும், அங்க மீன்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. முதல்ல உங்க கயித்தைப் போட்டு அவர் வண்டியை இழுங்க, அப்புறம் என்னை என்ன வேணா கேளுங்க.

ஓட்டக் கத்துக்கிட்டது கலிஃபோர்னியா. பிறந்தது... அதை எழுதித்தான் ஆகணுமா? நம்பர் பிளேட்டைப் பார்த்து வெளிநாட்டுக்காரின்னே போட்டுக்கங்களேன். முடியாதா. சரி. என்செனாதா. ஆமா, நம்ம என்செனாதாதான். சத்தமாப் படிக்காதீங்க.

என் வண்டி இங்கயே கிடக்கட்டும்ங்கறீங்களா, உங்க வண்டியில நானும் குழந்தையும் சாவடி வரைக்கும். அங்கேர்ந்து மாமியாருக்குச் சொல்லி அனுப்பறதா. ராத்திரி ஆயிடுமே. இல்ல, ஒண்ணுமில்லை. நீங்கதானே ஓட்டறீங்க, வர்றேன். மாடு வந்தா மட்டும் சொல்லுங்க, கண்ணை மூடிக்கறேன்.

மெதுவா, அவர் வண்டியை மெதுவா இழுங்க! வந்துடுச்சு. அப்பாடா. கிளம்புதா? கிளம்புது. கொஞ்சம் புகை வருது, அது எப்பவும் வர்றதுதானா? சரி.

என்ன தோன் நாபோர், ஜன்னலை இறக்கறீங்க? குழந்தையைக் குடுத்துட்டீங்களே, இன்னும் என்ன? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

இதைத்தான் முதல்லேர்ந்து சொல்ல வந்தீங்களா? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க! 'அம்மா, உன் விளக்கைப் பார்த்துட்டுத்தான் வந்தேன், நீதான் போகச் சொன்னே'ன்னு. ஒரே ஒரு வார்த்தை.

நான் இடமே விடலையா? எங்க, ரோட்லயா பேச்சுலயா?

ரெண்டுலயுமா. ம். சரி. ஒத்துக்கறேன்.

இப்ப விட்டாச்சு. ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன், எதுவும் வரலை. போங்க. ஐஸ் கரையுது. ஏன் நிக்கறீங்க? நான்தான் போங்கன்னு சொல்றேன்ல?

ஓ... நான் சொன்னா போக மாட்டீங்க.

சரி, நீங்களே ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.